வேஷம் யாருடையது? – மெலனீசிய ஆட்டங்களும் நம் கூத்தும்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, "மெலனீசியாவுக்கும் புதுச்சேரிக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று இரண்டொருவர் தொலைபேசியில் கேட்டார்கள். கப்பல் சம்பந்தம் என்றேன். 1769ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் நம்முடைய துறையிலிருந்து ஒரு கப்பல் கிளம்பியது. பெயர் சேன் ழான் பத்தீஸ்த். கப்பல் தலைவன் ழான் பிரான்சுவா மரி தெ சுர்வில். பணம் போட்டவர்களில் ஒருவர் அன்றைய கவர்னர் லா தெ லொரிஸ்தோன். ஆங்கிலேயர் 1761இல் இடித்துத் தரைமட்டமாக்கிய இந்த ஊரை மறுபடியும் கட்டி எழுப்பியவர். தென்கடலில் செல்வம் கொழிக்கும் தீவு ஒன்றை இங்கிலீஷ்காரன் கண்டுபிடித்துவிட்டான் என்று ஒரு வதந்தி. அவனை முந்திக்கொண்டு வியாபாரத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று அவசரம். கப்பலில் இந்தியத் துணிமூட்டைகள் இருந்தன, லஸ்கார் மாலுமிகளும் இருந்தார்கள். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை 1761லேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தால் எத்தனை கட்டு ஏறியது, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருப்பார்.

அக்டோபரில் கப்பல் சாலமன் தீவுகளை அடைந்தது. ஆட்களில் பலர் ஸ்கர்வி நோயால் படுத்துவிட்டிருந்தார்கள். சாந்தா இசபெல் தீவில் தண்ணீருக்காகக் கரையிறங்கினார்கள். சண்டை மூண்டது, துப்பாக்கி வெடித்தது, தீவுக்காரர்கள் பலர் செத்தார்கள். புறப்படும்போது லோவா சரகுவா என்ற சிறுவனைப் பிடித்து ஏற்றிக்கொண்டார்கள். வயது பதினான்கு இருக்கும். சுர்வில் மறு ஆண்டு பெரு நாட்டுக் கரையில் படகு கவிழ்ந்து மூழ்கிப்போனான். தேடிப்போன தீவும் கிடைக்கவில்லை, அதில் விற்க நினைத்த துணியும் விற்கவில்லை.

அந்தக் கப்பலின் அதிகாரிகள், குறிப்பாக லபே என்பவரும் பொத்தியே தெ லோர்ம் என்பவரும், நாட்குறிப்பு எழுதினார்கள். தீவு மக்களின் தோற்றம், அணிகலன், ஆயுதம், படகு என்று கண்ணில் பட்டதையெல்லாம் விவரித்தார்கள். ஒருவன் பூண்டிருந்த அணியை அவனுக்கு யார் கொடுத்தார், என்ன பெற்றுக்கொண்டு கொடுத்தார், அதை அவன் யாருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று கேட்க அவர்களுக்கு நேரமும் இல்லை, மொழியும் இல்லை. இன்று நான் பேசப்போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

மேற்கே நியூகினித் தீவில் தொடங்கி சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூகலிடோனியா, பிஜி வரை நீளுகிற தீவுக்கூட்டம் மெலனீசியா. 1832இல் துமோன் துர்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடி போட்ட வகைப்பாடு இது. பாப்புவா நியூகினியில் மட்டும் 800க்கு மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. அதனால் 'மெலனீசிய நடனம்' என்று ஒன்றைத் தேடிப்போகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். மலைக்காரர் ஆடுவது கடற்கரைக்காரருக்குப் புதுமை. 1998இல் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவில் மெலனீசியக் கலை பண்பாட்டு விழா தொடங்கியதற்கு இதுவே காரணம்: அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான்காண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டார்கள். 2002இல் வனுவாட்டு, 2006இல் பிஜி, 2010இல் நியூகலிடோனியா, 2014இல் பாப்புவா நியூகினி, 2018இல் மீண்டும் ஹொனியாரா. அடுத்தது கொஞ்சம் தள்ளிப்போய் 2023இல் வனுவாட்டின் போர்ட் விலாவில் நடந்தது.

இத்தகைய விழாக்களின் புகைப்படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பறவை இறகுகள், சிப்பி மாலை, காட்டுப்பன்றிக் கொம்பு, மரப்பட்டைத் துணி, மஞ்சளும் சிவப்புமாக முகம். அடியில் 'வண்ணமயமான பழங்குடி நடனம்' என்று ஒரு வரி. அந்த வரியோடு எனக்குச் சண்டை உண்டு. வண்ணம் என்று சொல்லி நிறுத்துகிறவர், சொல்ல வேண்டியதன் வாசலில் நின்றுகொண்டு திரும்பிவிடுகிறார்.

மவுண்ட் ஹேகன் என்பது பாப்புவா நியூகினியின் மலைநாட்டு ஊர். அங்கே ஆண்ட்ரூ ஸ்ட்ராதர்ன், மெரிலின் ஸ்ட்ராதர்ன் என்ற மானிடவியலாளர் இருவர் பல காலம் தங்கி, அந்த மக்களின் ஒப்பனையைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதி 1971இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது நம் எதிர்பார்ப்புக்கு நேர் எதிரானது. ஒப்பனை ஆளை மறைப்பதற்கு என்றுதான் நாம் நினைப்போம். ஹேகன்காரர்களுக்கு அது ஆளை வெளிக்கொண்டுவருவதற்கு. உள்ளே இருக்கிற தெம்பும், குலத்தின் ஒற்றுமையும், முன்னோர்களின் ஆசியும் வெளியே தோலில் தெரிய வேண்டும். எண்ணெய் பூசிய மேனி பளபளக்கிறதா, இறகுகள் ஒளி வீசுகின்றனவா என்று கூட்டம் கூர்ந்து பார்க்கும். மங்கலாகத் தெரிந்தால் அலங்காரம் சரியில்லை என்று சொல்வதில்லை. முன்னோர்கள் இவர்களுடன் இல்லை, இவர்களுக்குள் ஏதோ பிணக்கு இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். பார்வையாளர் அங்கே கைதட்ட வந்தவர் இல்லை, தீர்ப்புச் சொல்ல வந்தவர்.

இன்னொன்று. ஆடுகிறவர் தலையில் இருக்கிற இறகுகள் எல்லாம் அவருக்குச் சொந்தமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். மைத்துனர், மாமன், பக்கத்துப் பள்ளத்தாக்கு நண்பர் என்று பல கைகளிலிருந்து கடனாக வந்தவை அதில் கலந்திருக்கும். திருப்பித் தர வேண்டும், அல்லது அவர்கள் ஆடும்போது தாம் கொடுக்க வேண்டும். ஒருவரின் தலையணி எவ்வளவு உயரமோ அவருக்கு அவ்வளவு உறவுகள் உண்டு, அவ்வளவு கடனும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே சொர்க்கப் பறவையின் இறகுக்காகப் பாரீஸ், லண்டன் சீமாட்டிகளின் தொப்பிக் கடைகள் ஆயிரமாயிரம் பறவைகளைக் கொன்று இறக்குமதி செய்தன. காசு கொடுத்ததும் அங்கே கணக்குத் தீர்ந்தது. 'காட்டுமிராண்டிகளின் இறகு மோகம்' என்று எழுதியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளக் கருவியையும் சொல்லிவிடுகிறேன், சங்கீதம் தெரிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அவர்கள் கையில் பிடித்து அடிக்கிற பறைக்குக் குண்டு என்று பெயர். உடுக்கையைப் போல இடை சுருங்கிய நீண்ட மர உடல், ஒரு முகத்தில் மட்டும் தோல். உடும்பு இனத்துத் தோல். தோலின் நடுவில் தேன்மெழுகையோ மரப்பிசினையோ சிறு உருண்டைகளாக ஒட்டிச் சுருதி சேர்க்கிறார்கள். கஞ்சிராவுக்கு நாம் கட்டிக்கொண்டிருந்ததும் உடும்புத் தோல்தான். வனவிலங்குச் சட்டம் வந்து அதை நிறுத்தியது. மிருதங்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பிச் சுருதி பார்க்கிற வித்வானுக்கு அந்த மெழுகு உருண்டையின் வேலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாப்புவா நியூகினியின் அரசுச் சின்னத்தில் சொர்க்கப் பறவையோடு இந்தக் குண்டும் ஓர் ஈட்டியும் இருக்கின்றன. 1975 செப்டம்பர் 16 அன்று சுதந்திரம் பெற்ற நாடு, தன் அடையாளமாகச் சின்னத்தில் பாட்டுக் கருவியை வைத்துக்கொண்டது.

இப்போது நம் பக்கம் வருகிறேன். பாகூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழா. கோயிலுக்குப் பின்னால் தென்னங்கீற்று மறைப்பு, அதற்குள் கூத்துக்காரர்கள் வேஷம் கட்டுகிறார்கள். துரியோதனன் கட்டுகிறவர் தரையில் சம்மணமிட்டு, இடது உள்ளங்கையில் சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, முகத்தில் சிவப்பை ஏற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் வெள்ளையால் கோடு இழுத்தார். கோணிப்போனதை விரல் நுனியால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். பக்கத்தில் திறந்த தகரப் பெட்டி. அதற்குள் கட்டைகள்: கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை. எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை, தூக்கினால் கனமே தெரியாது. மேலே வண்ணக் காகிதம், கண்ணாடிச் சில்லு. இடுப்பைச் சுற்றித் துணிமேல் துணியாகக் கட்டிப் பாவாடையை விரியவைத்தார்கள். ஒருவர் முழங்காலை அவர் முதுகில் ஊன்றிக் கயிற்றை இழுத்தார். கடைசியில் கிரீடத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையில் வைத்தார். அதற்குப் பிறகு அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று என்னைக் கூட்டிப்போனவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

பெட்டிக்குள் இருந்த ஒரு புஜக்கட்டை மட்டும் மற்றவற்றைவிடப் பழையது, ஓரத்தில் உளிக்காயம். "இது யாருடையது?" என்று ஆட்டம் முடிந்த பிறகு, விடியற்காலையில், டீக்கடையில் வைத்து, துரியோதனன் கட்டியவரிடம் கேட்டேன். "வாத்தியாருது" என்றார். வாத்தியார் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கட்டை இன்னும் அவருடையதுதான். இந்தப் பதிலை ஹேகன் மலைக்காரர் கேட்டால் ஆச்சரியப்படமாட்டார்.

மெலனீசியாவில் இந்த உரிமை எவ்வளவு கறாரானது என்பதற்கு வனுவாட்டின் அம்பிரிம் தீவில் ஆடுகிற ரோம் ஆட்டத்தைச் சொல்லலாம். உயரமான கூம்பு முகமூடி, அதன்மேல் வண்ணக்கோலம், கழுத்திலிருந்து கால்வரை மறைக்கிற வாழைச் சருகு அங்கி. ஆள் யாரென்று தெரியாது. இந்த முகமூடியை நினைத்தவர் செய்துவிட முடியாது. அதன் வடிவத்துக்கு உடையவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பன்றிகளைக் கொடுத்து உரிமையை வாங்க வேண்டும். செய்வதும் மறைவிடத்தில். ஆடி முடித்தபின் அந்த உடுப்பை அழித்துவிடுகிறார்கள், வைத்துக்கொண்டால் ஆவி வந்து தொல்லை கொடுக்கும் என்று. நியூ அயர்லாந்து தீவில் இறந்தோர் சடங்குக்காகச் செதுக்குகிற மலகன் சிற்பங்களும் அப்படித்தான்: மரம் அழுகிப்போகலாம், எரிந்து போகலாம், ஆனால் அந்த வடிவத்தைச் செதுக்கவும் சபையில் காட்டவும் உள்ள உரிமை கைமாறிக் கைமாறி நிற்கிறது. பொருளை விற்றுவிட்டு உரிமையை வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நிறைய மலகன்கள் இருப்பதன் சூட்சுமம் அதுதான். சடங்கு முடிந்த மரக்கட்டை போனால் போகிறது என்று கொடுத்துவிட்டார்கள்.

நம்மூரில் சுதந்திர தின அணிவகுப்புக்கு முந்தைய வாரம் வாடகை உடுப்புக் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் ஆட வேண்டிய பிள்ளைகளுக்காக மயில் தோகை, காவடி, பொய்க்கால் குதிரை, ராஜா கிரீடம் எல்லாம் கொக்கியில் தொங்குகின்றன. தப்பென்று சொல்ல வரவில்லை. பிள்ளைகள் ஆடட்டும். ஆனால் அந்த வேஷத்தைக் காலமெல்லாம் கட்டுகிற ஒருவர் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும்போது, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லித்தரச் சொல்லாமல், கடையில் வாடகைக்கு எடுப்பது எனக்கு உறுத்துகிறது. அம்பிரிம் தீவில் இதற்குப் பன்றி அபராதம் விழும்.

விழா என்று ஒன்று வந்துவிட்டால் இந்த உரிமைச் சிக்கல் பெரிதாகிறது. பாப்புவா நியூகினியின் கொரொகா விழாவை 1957இல் தொடங்கியவர்கள் அங்கே நிர்வாகம் நடத்திய ஆஸ்திரேலிய அதிகாரிகள். சண்டை போட்டுக்கொண்டிருந்த குலங்களை ஒரு மைதானத்தில் கூட்டி, சிங்சிங் எனப்படும் தங்கள் ஆட்டங்களை ஆடவிட்டால் சமாதானம் வரும் என்பது யோசனை. போட்டி வைத்தார்கள், பரிசு கொடுத்தார்கள். அங்கேதான் அசாரோ சேற்று மனிதர்கள் உலகப் புகழ் பெற்றார்கள்: கனமான களிமண் முகமூடி, உடம்பெல்லாம் வெளுத்த சேறு, மெல்ல மெல்லப் பதுங்கி வருகிற நடை. எதிரியிடம் தோற்று ஆற்றில் ஒளிந்தவர்கள் சேறு பூசி எழுந்தபோது எதிரிகள் பேய் என்று பயந்து ஓடினார்கள் என்று கதை சொல்வார்கள். ஆராய்ந்தவர்கள், இன்றைய வடிவத்துக்கு அந்த விழா மேடையும் ஒரு தாய் என்று காட்டியிருக்கிறார்கள். ஆட்டம் பெயர் வாங்கியதும் மற்ற ஊர்க்காரர்களும் சேறு பூசிக்கொண்டார்கள். கொமுனிவே என்ற கிராமம், 'இது எங்கள் சொத்து' என்று உரிமை கோரியது. சுற்றுலாப் பயணிக்கு எந்தச் சேறும் ஒரே சேறுதான். கொமுனிவேக்காரருக்கு அப்படி இல்லை.

ஆட்டத்துக்குப் பருவமும் உண்டு. பருவம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடிய உதாரணம் 1974. வனுவாட்டின் பெந்தெகோஸ்து தீவில், வள்ளி வகைக் கிழங்கு விளைகிற நாளில், ஆண்கள் மரக்கோபுரத்தின்மேல் ஏறி, கணுக்காலில் கொடியைக் கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிப்பார்கள். கீழே ஆண்களும் பெண்களும் ஆடிப் பாடிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் நாரால் செய்த வெண்பாவாடை கட்டியிருப்பார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை நடக்கும். மழைக்காலம் முடிந்து கொடியில் ஈரமும் இழுவையும் இருக்கிற காலம் அது. 1974 பிப்ரவரியில் எலிசபெத் மகாராணி வந்தார். அரசியாருக்குக் காட்ட வேண்டும் என்று பருவம் வருமுன் குதிக்க ஏற்பாடாயிற்று. கொடி தாங்கவில்லை. குதித்தவர் ஒருவர் இறந்தார். அந்தத் தீவுகளை அப்போது இங்கிலாந்தும் பிரான்சும் கூட்டாக ஆண்டுகொண்டிருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980இல்தான் விடுதலை கிடைத்தது.

நம் கூத்துக்கும் பங்குனியிலிருந்து ஆடிவரை என்று ஒரு காலம் இருக்கிறது. பாரதம் படித்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறி, படுகளம் முடிந்து, தீமிதி. இதை நவம்பர் மாதம் குளிரூட்டிய அரங்கில் நாற்பது நிமிஷத்தில் ஆடச் சொல்கிறோம். உயிர்ச்சேதம் இல்லை, அவ்வளவுதான். ஆடுகிறவர்களும் அதற்கேற்பச் சுருக்கித் தருகிறார்கள், ஏனென்றால் பருவம் போக மிச்ச மாதங்களிலும் அடுப்பு எரிய வேண்டும்.

இனி, பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் நாமும் அவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்த கதை. 1853இல் நியூகலிடோனியாவைப் பிரான்சு எடுத்துக்கொண்டது. 1860களில் ரெயூனியோன் தீவின் கரும்பு முதலாளிகள் சிலர் அங்கே குடிபெயர்ந்தபோது 'மலபார்' என்று அழைக்கப்பட்ட இந்தியக் கூலிகளையும் கூட்டிப்போனார்கள். ரெயூனியோனுக்குக் கூலிகள் கப்பலேறிய துறைகளில் புதுச்சேரியும் காரைக்காலும் முதன்மையானவை. 1940 செப்டம்பரில், பிரான்சு ஹிட்லரிடம் விழுந்த பிறகு, பிரெஞ்சிந்தியாவும் நியூகலிடோனியாவும் ஒரே மாதத்தில் தெ கோல் பக்கம் சாய்ந்தன. நம்மூர்ச் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர், குடும்பங்களில் அந்தக் காலத்துப் படங்கள் இன்னும் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும்.

1931தான் மறக்க முடியாத ஆண்டு. பாரீஸின் வேன்சேன் காட்டில் பெரிய குடியேற்ற நாட்டுக் கண்காட்சி. பிரெஞ்சிந்தியாவுக்கு அங்கே ஒரு மண்டபம் கொடுத்தார்கள். நியூகலிடோனியாவின் கனாக் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை, 'உங்கள் நடனத்தைக் காட்ட வாருங்கள்' என்று சொல்லிக் கப்பலில் ஏற்றிப்போய், பாரீஸின் இன்னொரு முனையில் இருந்த விலங்குத் தோட்டத்தில் அடைத்து, நரமாமிசம் தின்பவர்கள் என்று பலகை மாட்டிக் காட்டினார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், தேவாலயம் போகிறவர்கள் இருந்தார்கள். உறுமச் சொன்னார்கள். ஒரு பகுதியினரை ஜெர்மனிக்கும் அனுப்பினார்கள். 1998இல் பிரான்சு கால்பந்து உலகக் கோப்பையை வென்றபோது அணியில் ஆடிய கிறிஸ்தியான் கரம்பேவின் மூதாதை ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஆட்டக்காரரிடமிருந்து ஆட்டத்தின் உரிமையைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன ஆகும் என்பதற்கு இதற்குமேல் நான் சான்று தேடவேண்டியதில்லை.

நாற்பத்துநான்கு ஆண்டு கழித்து நியூகலிடோனியாவில் ழான் மரி ஜிபாவு என்பவர் ஒரு விழா நடத்தினார். பாதிரியாராக இருந்து அங்கியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தவர். 1975 செப்டம்பரில் நூமேயா நகரில் நடந்த அந்த விழாவுக்கு 'மெலனீசியா 2000' என்று பெயர். தீவின் எல்லாப் பகுதியிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். நகரத்து வெள்ளையர்கள், தங்கள் பக்கத்தில் நூறாண்டாக வாழ்ந்தவர்களின் கலையை முதன்முதலாக ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தார்கள். கனாக் இளைஞர்களில் ஒரு சாரார் கடுமையாக எதிர்த்தார்கள்: நிலத்தைக் கேட்க வேண்டிய நேரத்தில் நடனத்தைக் காட்டுவதா, அதுவும் அரசாங்கப் பணத்தில்? எனக்கு இந்த வாதத்தில் அந்த இளைஞர்களிடம் மதிப்பு உண்டு. ஆனால் ஜிபாவு செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன். 1931இல் யார் வரலாம், எப்படி நிற்கலாம் என்று முடிவு செய்தவன் அதிகாரி. 1975இல் அதைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்தவர்கள் குலப் பெரியவர்கள். மேடை ஒன்றாகத் தெரியலாம், சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. 1989இல் ஜிபாவு தம் மக்களில் ஒருவர் கையாலேயே சுடப்பட்டு இறந்தார். அவர் பெயரில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த பண்பாட்டு மையம், கனாக் குடிசையின் வடிவத்தைத் தழுவிய பத்து மரக்கூடுகளோடு, 1998இல் நூமேயாவில் திறக்கப்பட்டது.

இவ்வளவு கனமான கதைகளுக்கு நடுவே சிரிப்பும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் தீவுப் பெண்களுக்குக் கழுத்துமுதல் கால்வரை தொளதொளவென்று ஓர் அங்கியை மாட்டிவிட்டார்கள். அடக்கத்துக்காக. பெண்கள் அதை எடுத்துக்கொண்டு, ஆரஞ்சிலும் பச்சையிலும் பூப்போட்ட துணியில் தைத்து, சரிகை வைத்து, நாடா வைத்து, தங்கள் பாரம்பரிய உடை ஆக்கிவிட்டார்கள். நியூகலிடோனியாவில் அதே அங்கியைப் போட்டுக்கொண்டு பெண்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், அணிக்கு ஒரு நிறம். பாப்புவா நியூகினியின் டிரோபிரியாண்ட் தீவுகளில் இன்னும் ஒரு படி மேல். சண்டையை மறக்கட்டும் என்று 1903 வாக்கில் ஒரு பாதிரியார் அங்கே கிரிக்கெட்டைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் போர்க்கோலம் பூண்டு, இறகு சூடி, அணி அணியாக ஆடிக்கொண்டே மைதானத்துக்குள் வருகிறார்கள். விக்கெட் விழுந்தால் அதற்கென்று ஒரு நடனம். அணிக்கு எத்தனை பேர் என்று கணக்கில்லை, வந்தவர் எல்லாம் ஆடலாம். முடிவில் விருந்து வைத்த ஊர்தான் ஜெயிக்கும். 1970களில் இதை ஒரு படமாகவே எடுத்திருக்கிறார்கள். புதுவையில் யாராவது திரையிட்டால் ஐ.பி.எல். ரசிகர்களும் வருவார்கள்.

பழமை கலையாமல் இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிற நண்பர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன். கூத்துக் கிரீடத்தில் சீரியல் பல்பு கட்டினால் எனக்குக் கோபம் வருவதில்லை. யார் கட்டினார்கள் என்று கேட்பேன்.

பிஜியைப் பற்றி ஒரு வார்த்தை. பாரதியார் புதுச்சேரியில் இருந்த 1908 முதல் 1918 வரையான ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜிக்குக் கூலிக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன, 1916இல்தான் நின்றன. அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிய அவருடைய பாட்டு நமக்குத் தெரியும். நம்மவர்கள் அங்கே மாரியம்மன் கோயில் கட்டினார்கள், தீ மிதித்தார்கள். அதே நாட்டில் பெங்கா என்னும் தீவில் சவாவு குலத்தார், நம்மவர்கள் வருமுன்பிருந்தே, பழுக்கக் காய்ச்சிய கற்களின்மேல் நடந்துவருகிறார்கள். அவர்கள் முன்னோர் ஒருவருக்கு ஆற்று விலாங்கு உருவில் வந்த தெய்வம் கொடுத்த வரம் என்று கதை. இலைகளால் ஆன பாவாடை, கழுத்தில் மாலை. ஓட்டல் முற்றத்திலும் நடந்து காட்டுகிறார்கள். ஆனால் அந்த வரம் சவாவு குலத்தாருக்கு உரியது என்பதில் பிஜியில் யாருக்கும் சந்தேகமில்லை. நம்மவர் தீமிதியோ காப்புக் கட்டி விரதம் இருந்த யாருக்கும் திறந்தது. இரண்டு நெருப்பும் ஒரே தீவுக்கூட்டத்தில் பக்கம் பக்கமாக எரிகின்றன.

உரிமையை முறையாகக் கேட்டுப் பெற்ற கதையும் ஒன்று உண்டு. 2016 தொடக்கத்தில் பாரீஸிலிருந்து அரியான் முனூஷ்கினின் சூரிய நாடகக் குழு, தெயாத்ர் து சொலேய், புதுச்சேரிக்கு வந்து தங்கியது. இங்கே அவர்களுக்குத் துணையாக நின்றவர்கள் குமரன் வளவனின் இந்தியநாஸ்திரம் குழுவினர். புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான் அந்த நடிகர்களுக்குத் தெருக்கூத்துச் சொல்லிக்கொடுத்தார். அடவு, பாட்டு, வேஷம் கட்டுவது எல்லாம். அந்த ஆண்டு நவம்பரில் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற அவர்களுடைய நாடகம் அரங்கேறியது. அதற்குள் பாரதக் கூத்துக் காட்சிகள் தமிழிலேயே வந்தன. பிரெஞ்சு நடிகர்கள் கட்டை பூட்டிக்கொண்டு ஆடினார்கள். அரங்கம் இருந்தது வேன்சேன் காட்டில், 1931 கண்காட்சி நடந்த அதே காடு. நாடகத்தின் அறிவிப்பில் தம்பிரானின் பெயர் கலைமாமணிப் பட்டத்தோடு இருந்தது. வெளியார் கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை என்பது இப்போது விளங்கும். வந்தார்கள், ஆசானைத் தேடினார்கள், அவர் கொடுத்தார், கட்டினார்கள், பெயரைச் சொன்னார்கள்.

நம் ஊர் பிரெஞ்சுத் தொடர்பைக் கொண்டாடுகிற ஊர். என்றாவது ஒரு நாள் நியூகலிடோனியாவிலிருந்தோ வனுவாட்டிலிருந்தோ ஒரு குழு நம் கடற்கரைச் சாலைக்கு வரக்கூடும், வரவேண்டும் என்பது என் ஆசை. அப்போது விழாக் குழுவில் இருக்கப்போகிறவர்களில் சிலர் இந்த அவையிலேயே இருக்கலாம். இந்த ஆட்டத்தை ஊருக்கு வெளியே ஆட யார் அனுமதி கொடுத்தார் என்று முதலில் கேளுங்கள், அவருக்கும் ஒரு மரியாதை அனுப்புங்கள். எந்த மாதம் ஆடலாம் என்று அவர்களையே சொல்ல விடுங்கள், மந்திரியின் தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படம் எடுக்கக் கூடாத பகுதி எது என்று அறிவித்துவிடுங்கள். ஆடி முடித்ததும் உடுப்பை எரிக்க வேண்டுமென்றால் எரிக்க இடம் கொடுங்கள், நினைவுப் பரிசாகக் கேட்காதீர்கள். விமானத்தில் இறகையும் தோலையும் கொண்டுவரச் சுங்கத்திலும் வனத்துறையிலும் என்ன தாள் வேண்டும் என்று நான்கு மாதம் முன்பே விசாரியுங்கள், கடைசி நாளில் தலையணியைப் பறிமுதல் செய்துவிட்டு வெறுந்தலையோடு ஆடச் சொல்லாதீர்கள். எதிர் ஆட்டம் ஆட நம் கூத்துக்காரர்களைக் கூப்பிடுங்கள், வாடகைக் கடைக்குப் போக வேண்டாம். அழைப்பிதழில் ஆடுகிறவர் பெயருக்குக் கீழே, கல்யாண முருங்கையைச் செதுக்கிக் கட்டை செய்தவர் பெயரையும் போடுங்கள். சம்பளமும் கொடுங்கள்.